சுவருக்கு அந்தப் பக்கம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களுக்கு,

போன வாரம் உங்களைச் சந்தித்தபோது மூன்று பேர் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டீர்கள். “கதிர்வீச்சு என்று சொன்னாலே ஜனங்கள் அலறுகிறார்கள் சார், அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?” கேட்கும்போதே உங்கள் முகத்தில் ஒரு சலிப்பு தெரிந்தது. அந்தச் சலிப்பு எனக்குப் பழக்கமானதுதான். முப்பத்தொரு வயதில் என் முகத்தில் அது நிரந்தரமாகக் குடியிருந்தது.

அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். ஜனங்களுக்கு நான் ஒரே ஒரு தடவை மிக நன்றாகப் புரியவைத்திருக்கிறேன். நூறு பேருக்குமேல் கூடியிருந்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் சமாதானமாகிக் கலைந்து போனார்கள். கைதட்டாதது ஒன்றுதான் குறை. அந்த வெட்கக்கேட்டைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், கொரட்டூர் ஏரிப் பக்கமாக எங்கள் ஷெட் இருந்தது. நீங்கள் செய்கிற அதே வேலைதான். பாய்லர், பெரிய குழாய் இவற்றில் வெல்டிங் வைத்த இடத்தில் உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று கதிர் பாய்ச்சிப் படம் எடுத்துப் பார்ப்பது. கதிரைத் தருகிற பொருள் மிளகு அளவுகூட இராது. அதை வைத்திருக்கும் ஈயம் அடைத்த கனமான பெட்டிக்குத்தான் கேமரா என்று பெயர். பெட்டிக்குள் இழுத்துப் பூட்டிவிட்டால் கதிர் பெரும்பாலும் அடங்கிவிடும். மிச்சமாகக் கசிவதைத் தடுக்கத்தான் ஷெட்டுக்குள் காங்கிரீட் குழி தோண்டி, வேலையில்லாத நேரத்தில் பெட்டியை அதில் இறக்கி மூடி வைப்போம்.

எங்கள் ஷெட்டின் இடதுபக்கச் சுவர் பொதுச்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டை தைக்கும் கம்பெனி. அறுபது பெண்கள் வேலை பார்த்தார்கள். எதிரே சந்தில் கொஞ்சம் வீடுகளும், துலுக்காணம் என்பவரின் டீக்கடையும் இருந்தன.

அந்த வருஷம்தான் ரஷ்யாவில் அணு உலை வெடித்தது. பல மாதங்களுக்குத் துலுக்காணத்தின் கடை பெஞ்சில் வேறு பேச்சே இல்லை. ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து சைக்கிளில் வரும் ஒரு ஃபிட்டர், “வாரத்துக்கு நாலு நாள் பவர் கட்டு. அணு வேணாம்னா கரண்ட்டுக்கு எங்க போறது?” என்று கேட்பார். துலுக்காணம் டீயை ஆற்றிக்கொண்டே, “கரண்ட் வேணும்தாம்பா, யார் இல்லன்னா? வெடிச்சா யார் ஊட்டாண்ட வெடிக்கும்? அத்த சொல்லு மொதல்ல” என்பார். லாரி செட்டில் வேலை பார்க்கும் கோபால் என்பவருக்கு வேறொரு கட்சி. “எங்க அக்காவுக்கு வயித்துல கட்டி. அந்தக் கதிர வெச்சுத்தான் கரைச்சாங்க. அது மட்டும் இல்லன்னா அக்கா இன்னிக்கு இல்ல நைனா.”

நான் ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்பேன். இவர்கள் யாருக்கும் ஒரு மண்ணும் தெரியாது என்பதுதான் என் எண்ணம். பம்பாயில் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கி வந்தவன் நான். தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி நிலத்தடி நீர் மேலே வர, எங்கள் குழிக்குள் தண்ணீர் ஊறிவிட்டது. வாளியால் இறைத்தோம். அரை மணி நேரத்தில் மறுபடி முழங்கால் அளவு நின்றது. பெட்டியை மேலே எடுத்து வைப்பதைத் தவிர வழியில்லை. இடதுபக்க மூலையில் இருந்த பெஞ்சின் மேல் வைக்கச் சொன்னது நான்தான். ஹெல்பர் ஏகாம்பரமும் நானும் அதைச் சுற்றி ஈயக்கட்டிகளை அடுக்கினோம். மூன்று பக்கம் அடுக்கியதும் கட்டி தீர்ந்துவிட்டது. நான்காவது பக்கத்தில்தான் சுவர் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். நம் ஆட்கள் நடமாடுகிற பக்கமெல்லாம் ஈயம், நடமாடாத பக்கம் வெறும் செங்கல். ஷெட்டுக்குள்ளேயே வேலை பார்க்கிறவனுக்குச் சுவரோடு உலகம் முடிந்துவிடுகிறது. உங்களுக்கும் முடியும். பார்த்துக்கொள்ளுங்கள்.

குழிக்குப் பக்கத்தில், வெளியே தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்த மஞ்சள் எச்சரிக்கைப் பலகையையும் எடுத்து வாசலில் மாட்டினோம். விதிப்படி செய்ததுதான். சந்தில் போனவர்கள் கண்ணில் அது பட்டது. பலகையில் இருந்த மூன்று இதழ் கதிர்வீச்சுக் குறியை அவர்கள் பத்திரிகையில் அணு உலைச் செய்தியோடு பார்த்திருந்தார்கள். பத்து நாளில் எங்கள் ஷெட் ‘அணுகுண்டு கம்பெனி’ ஆகிவிட்டது. பத்தாம் நாள் மதியம் சட்டைக் கம்பெனிப் பெண்கள் மெஷினை விட்டு எழுந்து வெளியே வந்துவிட்டார்கள். இந்தக் கம்பெனி இருக்கும்வரை உள்ளே போகமாட்டோம் என்றார்கள். சந்து ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள்.

எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். “உனக்குத்தான் நாக்கு இருக்கே. சாயங்காலத்துக்குள்ள முடிச்சு வை.”

எனக்கு உள்ளூர ஒரே குஷி. முகம் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு, அலமாரியிலிருந்து மீட்டரை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினேன். எங்களிடம் இரண்டு மீட்டர்கள் இருந்தன. ஒன்று சரிபார்ப்புக்காகப் பம்பாய் போயிருந்தது. இது இன்னொன்று. உங்கள் மீட்டர்கள் ஏதாவது கோளாறு என்றால் தாமாகவே கத்துகின்றன. எங்களுடையது ஊமை. ஒரு முள், ஒரு திருகு, அவ்வளவுதான். திருகை முதலில் ஓர் ஓரத்துக்குத் திருப்பி பேட்டரிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பெட்டியின் அருகே பிடித்து முள் எழுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் வேறு இடத்தில் அளக்கலாம். இதை நான் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு வெளியே நூறு பேர் காத்திருந்தார்கள். நான் இரண்டையுமே செய்யவில்லை.

கூட்டத்துக்கு நடுவில் நின்று பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். உலை வேறு, எங்கள் பெட்டி வேறு, இது வெடிக்கவே வெடிக்காது என்றேன். அது உண்மை. இந்தப் படம் எடுக்காவிட்டால் பாய்லர்தான் வெடிக்கும், அதில் சாவது உங்களைப் போன்ற தொழிலாளிகள்தான் என்றேன். அதுவும் உண்மை. பிறகு மீட்டரைத் தூக்கிக் காட்டி, “கதிர் இருந்தால் இந்த முள் எழும். நீங்களே பாருங்கள்” என்றேன். சந்து முழுக்க நடந்தேன். கூட்டம் பின்னாலேயே வந்தது. டீக்கடை வாசலில் சைபர். வீடுகள் முன்னால் சைபர். தைக்கும் கம்பெனிக்குள் போய் அந்தப் பொதுச்சுவரை ஒட்டிப் பிடித்தேன்.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். பெட்டி சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது எனக்குத் தெரியும். முள் கொஞ்சம் எழும் என்று எதிர்பார்த்திருந்தேன். எழுந்தால் என்ன சொல்வது என்று ஒரு பதிலையும் தயாராக வைத்திருந்தேன். முள் அசையவே இல்லை. எனக்கு ஒரு நிமிஷம் ஆச்சரியம்தான். உடனே, நல்லதாகப் போயிற்று என்று தோன்றியது. எனக்குப் பிடித்த பதில் கிடைத்துவிட்டது. அது ஏன் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. முள் தாறுமாறாக எழுந்திருந்தால் பத்துத் தடவை திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பேன்.

அப்போதுதான் சுவரை ஒட்டி இருந்த கடைசி மெஷினிலிருந்து ஒரு பெண் பேசினாள். சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கிறவள். பெயர் ஷாகிரா என்று பிறகு தெரிந்துகொண்டேன். பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள்.

“சார், நா இங்கதான் காலைலேர்ந்து உக்காந்திருக்கறது. முதுகு வலிக்குதுன்னு இந்த சொவுத்துல சாஞ்சிக்கினுதான் வேல செய்றேன். நாலு மாசம் முழுகாம கீறேன். ஏற்கெனவே ரெண்டு போயிடுச்சி. எக்ஸ்ரே எடுக்கறவங்க பக்கத்துலகூட போவாதன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. உங்க ஊட்டு பொம்பளையா இருந்தா இங்க உக்கார வெப்பீங்களா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் முள்ளை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். “தாராளமா உட்கார வைப்பேம்மா” என்றேன்.

அதோடு கூட்டம் முடிந்தது. துலுக்காணம் எனக்கு இஞ்சி தட்டிப் போட்டு ஒரு டீ கொடுத்தார். முதலாளி தோளில் தட்டினார்.

மறுநாள் காலை ஏழரைக்குத் திருமுல்லைவாயில் பக்கம் ஒரு பட்டறையில் வேலை. பெட்டியை வண்டியில் ஏற்றுவதற்கு முன் வழக்கப்படி மீட்டரைப் பிடித்துப் பார்த்த ஏகாம்பரம் என்னைக் கூப்பிட்டார்.

“சார், இங்க வா சார். இன்னா இது, பொட்டி மேலயே வெச்சிக்கீறேன், முள்ளு தூங்குது?”

திருகை பேட்டரிப் பக்கம் திருப்பினேன். முள் எழவில்லை. முன்வாரம் யாரோ வேலை முடித்து வந்து மீட்டரை அணைக்காமலே அலமாரியில் வைத்திருக்கிறார்கள். செல் தீர்ந்து எத்தனை நாளாகிறதோ தெரியாது. செத்த மீட்டரும் சைபர்தான் காட்டும், நல்ல இடமும் சைபர்தான் காட்டும். ஏகாம்பரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நேத்து இத்தத்தான் எடுத்துக்கினு போனியா சார்?” என்று மெதுவாகக் கேட்டார்.

துலுக்காணத்தின் கடையில்தான் செல் கிடைக்கும். போய் வாங்கினேன். “டார்ச்சுக்கா சார்?” என்றார். ஆமாம் என்றேன்.

புதுச் செல் போட்டு, பெட்டியருகே பிடித்து, முள் எழுவதைப் பார்த்த பிறகு தைக்கும் கம்பெனிக்கு ஓடினேன். வேலை தொடங்கவில்லை. வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டார். ஷாகிராவின் நாற்காலியருகே, அவள் முதுகு படும் உயரத்தில் மீட்டரைப் பிடித்தேன். முள் எழுந்தது. அதிகமில்லை. ஆனால் அது சைபர் இல்லை. பக்கத்து மெஷினில் பாதிக்கும் கீழே இறங்கியது. அதற்கடுத்த மெஷினில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அந்த ஒரு நாற்காலிதான்.

முதல் வேலையாகப் பெட்டியை அங்கிருந்து எடுத்தோம். காம்பவுண்டின் மறுகோடியில் யாரும் போகாத இடத்தில் வைத்து, நான்கு பக்கமும் ஈயம் அடுக்கி, கயிறு கட்டினோம். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பத்து நாள், நாளுக்கு எட்டு மணி நேரம், அவள் சாய்ந்திருந்த தூரம். மூன்று தடவை போட்டேன். ஆஸ்பத்திரியில் நெஞ்சு எக்ஸ்ரே இரண்டு மூன்று எடுத்தால் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு வந்தது. வயிற்றிலுள்ள குழந்தைக்குக் கெடுதல் செய்கிற அளவுக்கு அது வெகு கீழே. எனக்கு மூச்சு வந்தது. ஆனாலும் வேண்டாத ஒன்றை அவளுக்குக் கொடுத்திருக்கிறேன், அதுவும் இல்லவே இல்லை என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார்.

“இப்ப நகர்த்தியாச்சில்ல?”

“ஆச்சு சார்.”

“அந்தப் பொண்ணுக்கு ஆபத்து உண்டா?”

“இருக்காது சார்.”

“அப்புறம் என்னப்பா? அது ஏற்கெனவே ரெண்டு பறிகொடுத்த பொண்ணு. நீ போய் இதைச் சொல்லி, அது பயந்துபோய் இருக்கறதையும் கலைச்சிட்டு வந்து நின்னா அந்தப் பாவம் யாருக்கு? கதிர் செய்யாததை உன் வாய் செஞ்சிடும். பேசாம இரு.”

தம்பிகளே, தங்கைகளே, இன்றைக்கும் அந்த வாதத்தை அற்பமானது என்று என்னால் தள்ள முடியாது. பயம் எதையும் செய்யும். திருமுல்லைவாயில் பட்டறைக்கு மறுநாள் வருவதாகச் சொல்லியனுப்பிவிட்டு, மதியம்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் எதற்கோ பெண்கள் சேர்ந்து சிரித்தார்கள். முந்தின நாள் அவர்கள் வெளியே வந்தது அறியாமையால் என்று நினைத்தேனே, அது தப்பு என்று அப்போதுதான் உறைத்தது. அவர்களுடைய பயம் சரியான இடத்தில்தான் கை வைத்திருந்தது. அதைப் பொய் என்று சொல்லி அவர்களைத் திரும்ப உட்கார வைத்தவன் நான்.

சாப்பாட்டு மணி அடித்ததும் எழுந்து போனேன். ஷாகிரா இன்னும் இரண்டு பெண்களோடு உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். அவளைத் தனியாகக் கூப்பிட நினைத்தேன். அவள் வரவில்லை. “இங்கயே சொல்லுங்க சார்” என்றாள். சொன்னேன்.

“நேத்து முள்ளு அசையவே இல்லியே?”

“மீட்டர்ல பேட்டரி செத்துப் போயிருந்ததும்மா. நான் பார்க்கல.”

“பாக்காமலேயா உங்க ஊட்டு பொம்பளைய உக்கார வெப்பேன்னு சொன்னீங்க?”

என் வாழ்நாளில் நான் வாங்கிய அடிகளில் அதுதான் பலமானது. பக்கத்திலிருந்த பெண் சத்தம்போட, விஷயம் ஐந்து நிமிஷத்தில் சந்துக்கு எட்டிவிட்டது. துலுக்காணம் துண்டை உதறிக்கொண்டு வந்தார். “டார்ச்சுக்குன்னுதானே பேட்டரி வாங்கினே? வெறுங்கைய வீசிக்கினு வந்து எங்களுக்குப் பாடம் எடுத்தியா நேத்து?” என்றார். அவர் கேட்டதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

ஷாகிரா மட்டும் சத்தம் போடவில்லை. டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“எனுக்கு பயமாத்தான் கீது சார். ஆனா நீங்க சொல்லாம போயிருந்தீங்கன்னு வெச்சிக்கோங்க, நாளைக்கு எதாச்சும் ஒண்ணு ஆனா நாந்தான் எதையோ தூக்கினேன், எங்கியோ ஏறினேன்னு சொல்லுவாங்க. ரெண்டு தபாவும் அப்படித்தான் சொன்னாங்க. எங்க மாமியா ஊட்ல இன்னிக்கும் அதான் பேச்சு.” பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “எழுதிக் குடுங்க. எத்தினி நாளு, எவ்ளோ, யார் தப்பு, எல்லாம். கீழ உங்க பேரு போடுங்க. சாயங்காலம் டாக்டரம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லணும். எங்க ஊட்டுக்காரரும் வருவாரு. அவரு எதிர்க்க சொல்லுங்க.”

எழுதிக் கொடுத்தேன். கணக்கை வரிவரியாகப் போட்டு, எதை அளந்தேன், எதை ஊகித்தேன் என்று பிரித்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் அவள் போன அதே பஸ்ஸில் நானும் போனேன். கரையான்சாவடி பஸ் ஸ்டாப்பில் அவள் கணவர் நின்றிருந்தார். தையல் மெஷின் ரிப்பேர் செய்யும் கடை வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் போனார். மூவரும் நடந்து பூந்தமல்லியில் டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போனோம்.

அந்த அம்மாள் காகிதத்தை இரண்டு முறை படித்தார். என்னிடம் ஏழெட்டுக் கேள்விகள் கேட்டார். சில கேள்விகளுக்குத் தெரியாது என்று சொன்னேன். கடைசியில் ஷாகிராவிடம் திரும்பினார்.

“இந்த அளவுல குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதும்மா. இதுக்காக யார் என்ன சொன்னாலும் கலைக்கற பேச்சே வேணாம். ஆனா ரெண்டு தடவை கலைஞ்ச உடம்பு. இதுவும் தங்கும்னு நான் சத்தியம் பண்ண முடியாது. அப்படி எதாவது ஆனா அதுக்கு இது காரணம் இல்ல, நீயும் காரணம் இல்ல.” அந்தக் கடைசி வரியை ஷாகிராவின் கணவரைப் பார்த்துத்தான் சொன்னார். பிறகு என்னிடம், “அளவு எழுதியிருக்கறதால என்னால சொல்ல முடியுது. எதோ கதிர் பட்டுடுச்சாம்னு மட்டும் வந்திருந்தா நானே பயந்திருப்பேன்” என்றார்.

முதலாளிக்குச் சொல்ல எனக்கு அப்போதுதான் பதில் கிடைத்தது. பயந்து கலைத்துவிடுவார்கள் என்று அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். அரைகுறையாகக் காதில் விழுந்தால் நடக்கும். முழுசாக, அளவோடு, சொன்னவன் பக்கத்திலேயே நின்றால் அவ்வளவு சுலபமாக நடக்காது.

பஸ் ஸ்டாப்பில் அவள் கணவர் முதல்முறையாக வாய் திறந்தார். “உங்க மேல கோவம் கீது சார். போய்ட்டு வாங்க.” அவ்வளவுதான்.

மறுவாரம் சந்து ஆட்களும் தைக்கும் பெண்களும் கூடிப் பேசினார்கள். நான் ஓரமாக நின்றேன். காலி பண்ணச் சொல் என்பதுதான் துலுக்காணத்தின் கட்சி. கடைசிவரை அவர் அதிலிருந்து மாறவில்லை. அதற்குப் பிறகு எனக்கு இஞ்சி டீயும் தரவில்லை. கோபால் எழுந்து, “இந்தப் பொட்டி ஊர்ல எங்கியாச்சும் இருந்துதான் ஆவணும் அண்ணாத்தே. இங்கேர்ந்து தொரத்துனா வானகரத்துல எவன் ஊட்டு சொவுத்தாண்டயோ போய் உக்காரும். அங்க இந்த மாதிரி கேக்க ஆளு இருக்குமா?” என்றார். ஷாகிராதான் முடிவாக ஒன்று சொன்னாள். தினம் வேலை தொடங்குவதற்கு முன்னால் மீட்டரை எல்லோர் எதிரிலும் பிடிக்க வேண்டும். முதலில் பெட்டியருகே. அங்கே முள் எழுந்தால்தான் சுவரருகே காட்டுவது செல்லும்.

நான் பம்பாயில் படித்துவிட்டு வந்து மறந்த பாடத்தை அவள் ஒரே வாரத்தில் சட்டமாக்கிவிட்டாள். தண்ணீர் ஊறாதபடி குழியை உயர்த்திக் கட்டினோம். எங்களுக்கு உரிமம் தருகிற பம்பாய் மேலிடத்துக்கு நானே அறிக்கை எழுதினேன். எழுத்து மூலமாகக் கண்டனம் வந்தது. கிடைக்கவேண்டிய பதவி வேறொருவருக்குப் போனது. முதலாளி நெடுநாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஷாகிரா தினமும் எட்டே காலுக்கு வந்து, நாங்கள் கட்டிய கயிற்றுக்கு வெளியே நிற்பாள். “பொட்டி கிட்ட” என்பாள். முள் எழும். “இப்போ சொவுரு.” முள் படுத்திருக்கும். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போவாள். மாசியில் வயிறு பெரிதாகி வேலையை விட்டு நின்றாள். அதற்கப்புறம் வேறு பெண்கள் வந்து பார்த்தார்கள்.

நாளைக்கு நீங்கள் ஓர் ஊரில் போய் நிற்கும்போது ஒருவர் அணுவே வேண்டாம் என்பார், ஒருவர் அதுதான் வேண்டும் என்பார். இரண்டு பேருக்கும் அவரவர் காரணம் உண்டு. அவர்களைத் திருத்துவது உங்கள் வேலை இல்லை. ‘ஆபத்தே இல்லை’ என்ற வார்த்தை உங்கள் வாயில் வருகிறதா, உடனே உங்கள் கையில் இருக்கும் கருவியைச் சந்தேகப்படுங்கள். அது உங்களுக்குப் பிடித்ததைச் சொல்கிறதென்றால் இன்னொரு தடவை சந்தேகப்படுங்கள்.

சித்திரையில் ஒரு நாள் காலை. எட்டு மணிகூட ஆகவில்லை. அவசர வேலை ஒன்றுக்கு வண்டி தயாராக நின்றது. ஷெட் வாசலில் ஷாகிராவின் கணவர் நிற்பதைப் பார்த்தேன். கரையான்சாவடி பஸ் ஸ்டாப்புக்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. அவர் முகத்தை வைத்து எதையும் ஊகிக்க முடியவில்லை. ஏகாம்பரம்தான் முன்னால் போய், “இன்னா பாய், எதாச்சும் சேதியா?” என்று கேட்டார்.

“பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க.”

நான் பக்கத்திலிருந்த டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அவர் நான் நிமிரும்வரை காத்திருந்தார்.

“ஆஸ்பத்திரில கண்ண தொறந்ததும் கேக்குறா சார், இன்னிக்கு மீட்டர் வெச்சிப் பாத்தாங்களான்னு. கேட்டுக்கினு வரச் சொன்னா.”

வண்டி அவசரத்தில் அன்றைக்கு நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. பார்த்தாயிற்று என்று சொல்லியிருந்தால் அவர் சந்தோஷமாகத் திரும்பிப் போயிருப்பார்.

“இன்னும் இல்ல பாய்” என்றேன்.

அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். “அப்போ பாருங்க. நா நிக்கிறேன்” என்றார். ஏகாம்பரம் மீட்டரை எடுத்து வந்தார். நான் திருகைத் திருப்பிப் பேட்டரியைப் பார்த்துவிட்டுப் பெட்டியருகே குனிந்தேன். அவர் கயிற்றுக்கு வெளியே நின்று, முள் எழும்வரை கண்ணை எடுக்கவில்லை.